திருப்பூர் யூனிட்டுக்கு ஏஇஓ சர்டிஃபிகேட் தேவையா?

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2024

வணக்கம் அண்ணா. திருப்பூரில் எங்களுக்குச் சின்ன எக்ஸ்போர்ட் யூனிட். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். வருடத்துக்கு முப்பது நாற்பது ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் போடும் ஆவணம்) போகும். போன வாரம் ஒரு கன்சல்டன்ட் வந்தார். "ஏஇஓ எடுத்துவிட்டால் கஸ்டம்ஸ்காரர் உங்கள் பெட்டியைத் தொடவே மாட்டார், சிடிபேட் சர்டிஃபிகேட்டும் சேர்த்து வாங்கித் தருகிறேன்" என்றார். கேட்கிற தொகை கொஞ்சநஞ்சமில்லை. கொடுக்கலாமா?

3 ஜூன் 2024, இரவு

இப்போதைக்குப் பணம் எதுவும் கொடுக்காதீர்கள். இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கப் பார்க்கிறார்.

ஏஇஓ (Authorised Economic Operator) என்பது நம்பகமான வணிகர் என்று சோதித்து நம் சுங்கத்துறை தரும் சான்றிதழ். அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. விருப்பமிருந்தால் எடுக்கலாம். எடுக்காவிட்டால் ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சிடிபேட் (C-TPAT) என்பது சரக்குப் பாதுகாப்புக்காக அமெரிக்கச் சுங்கத்துறை நடத்தும் திட்டம். 2001 செப்டம்பர் தாக்குதல் முடிந்து, நவம்பரிலேயே தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க இறக்குமதியாளர், கப்பல் கம்பெனி, அங்குள்ள கஸ்டம்ஸ் புரோக்கர் போன்றவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். வெளிநாட்டு ஃபேக்டரிகளில் மெக்சிகோ, கனடாவில் இருப்பவர்களுக்கு மட்டும் இடமுண்டு. திருப்பூர் யூனிட் அதில் உறுப்பினராகச் சேரவே முடியாது. பையர் அனுப்பிய ஆடிட்டர் எழுதிய ரிப்போர்ட் ஒன்று நம் கையில் இருக்கும், அவ்வளவுதான். அதையே லேமினேட் செய்து, கண்ணாடி போட்டு, வரவேற்பறையில் மாட்டி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

"தொடவே மாட்டார்" என்பது சுத்தப் பொய். பரிசோதனைக்கு எடுக்கும் வாய்ப்பு குறையும். தகவல் வந்தால் யார் பெட்டியாக இருந்தாலும் திறப்பார்கள்.

4 ஜூன் 2024

படிகள் எத்தனை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் புரியும்.

உலகச் சுங்க அமைப்பு 2005 ஜூனில் 'சேஃப்' என்ற கட்டமைப்பை ஏற்றுக்கொண்டது. அதன் அடிப்படை எளிமையானது. எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க எந்த நாட்டுச் சுங்கத்துறைக்கும் ஆள் கிடையாது. நம்பகமான ஆட்களை முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொண்டால், மிச்ச ஆட்களைக் கவனிக்க நேரம் கிடைக்கும். இந்தியாவில் 2011-ல் வெள்ளோட்டம் விட்டார்கள். 2016 ஜூலையில் வந்த 33/2016 சுற்றறிக்கைதான் இப்போதுள்ள அமைப்புக்கு அடிப்படை. அதற்கு முன் இறக்குமதியாளர்களுக்கென்று இருந்த ஏசிபி திட்டத்தையும் அதில்தான் இதோடு இணைத்தார்கள்.

ஏற்றுமதி இறக்குமதி செய்பவர்களுக்கு டி-1, டி-2, டி-3 என்று மூன்று படி. புரோக்கர், கிடங்கு, துறைமுக முனையம், சரக்குப் போக்குவரத்து நடத்துபவர்களுக்கு எல்ஓ என்று தனியாக ஒன்று. டி-1 முழுக்கக் காகிதம். உங்கள் கணக்கு வழக்கு ஒழுங்கா, மோசடி வழக்கு உண்டா, கம்பெனி திவாலாகும் நிலையில் இல்லையே என்று பார்ப்பார்கள். யாரும் ஃபேக்டரிக்கு வரமாட்டார்கள். டி-2 என்றால் நேரில் வருவார்கள். கேட், வேலி, பேக்கிங் செக்ஷன், வேலைக்கு ஆள் எடுக்கும் முறை, லாரி, சீல் எல்லாம் பார்ப்பார்கள். டி-3-க்குப் போக டி-2-வில் தொடர்ந்து 2 வருடம் இருந்திருக்க வேண்டும், அல்லது நம்மோடு தொழில் செய்யும் புரோக்கர், கிடங்கு எல்லோரும் ஏஇஓ வைத்திருக்க வேண்டும். திருப்பூரில் டி-3 பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

தகுதி: பொதுவாக முந்தைய நிதியாண்டில் 25 ஆவணம், அதாவது ஷிப்பிங் பில் அல்லது பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான ஆவணம்) போட்டிருக்க வேண்டும், 3 வருடம் தொழிலில் இருந்திருக்க வேண்டும். உத்யம் பதிவு உள்ள சிறு, குறு, நடுத்தர யூனிட்டுகளுக்கு 2020 டிசம்பரில் தளர்த்தினார்கள். 10 ஆவணம் போதும், ஆனால் ஒவ்வொரு அரையாண்டிலும் குறைந்தது 5 இருக்க வேண்டும். தொழிலில் 2 வருடம் போதும். சீசனுக்கு மட்டும் சரக்கு அனுப்புகிறவர்கள் அந்த அரையாண்டுக் கணக்கைக் கவனியுங்கள். மொத்தம் பதினைந்து போட்டிருப்பார்கள், முதல் பாதியில் மூன்றுதான் இருக்கும், அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு எண்ணிக்கைத் தகுதி இருக்கிறது.

4 ஜூன் 2024, மாலை

தீர்வைச் சலுகையில் இறக்குமதி செய்யும்போது சுங்கத்துறைக்கு ஈடாகக் கொடுக்கும் பேங்க் கேரன்டி எவ்வளவு குறையும் என்று கேட்டவருக்கு: டி-1-க்குச் சாதாரணமாகக் கேட்கும் தொகையில் 50 சதவீதம், டி-2-க்கு 25, டி-3-க்குத் தேவையே இல்லை. எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தர யூனிட்) என்றால் டி-1-க்கு 25, டி-2-க்கு 10.

கேரன்டிக்கு மார்ஜினாக பேங்கில் எஃப்டி போட்டு, அது எடுக்க முடியாமல் வருடக்கணக்கில் லியனில் கிடக்கிறதே, அந்தப் பணம் திரும்பக் கைக்கு வரும் என்பதுதான் பல பேருக்கு இதில் ருசி.

6 ஜூன் 2024

மேலே எழுதியதற்கு ஒருவர் சூடாகப் பதில் போட்டிருக்கிறார். "நாங்கள் ஒன் ஸ்டார் எக்ஸ்போர்ட் ஹவுஸ். எங்களுக்கு வர்த்தகக் கொள்கைப்படியே கேரன்டி விலக்கு இருக்கிறது. டி-1 எடுத்து என்ன லாபம்?"

நியாயமான கேள்வி. இதைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஸ்டேட்டஸ் ஹோல்டர், அதாவது ஏற்றுமதி அளவைப் பார்த்து அரசு ஸ்டார் அந்தஸ்து கொடுத்த கம்பெனி என்றால், ஏற்றுமதி செய்து காட்டுவேன் என்ற உறுதியில் தீர்வையில்லாமல் மெஷின் இறக்கும் ஈபிசிஜி திட்டத்தில் ஜெர்மனியிலிருந்து நிட்டிங் மெஷின் கொண்டுவந்தாலும் பாண்டு மட்டும் போதும், கேரன்டி கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு டி-1-இன் பெரிய சலுகை ஏற்கனவே பாக்கெட்டில் இருக்கிறது. ஒன் ஸ்டாருக்கே 30 லட்சம் டாலர் ஏற்றுமதி காட்ட வேண்டும். அந்த அளவை இன்னும் எட்டாமல், ஆனால் மெஷினோ துணியோ அடிக்கடி இறக்குமதி செய்கிற யூனிட்டுக்குத்தான் டி-1 உண்மையில் உதவும்.

இன்னொரு சலுகையையும் கன்சல்டன்ட்கள் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்: தீர்வையைப் பிறகு கட்டுவது. டி-2, டி-3-க்கு உண்டு, டி-1-க்குக் கிடையாது. 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அப்போது வைத்த முறைப்படி 1-ஆம் தேதி முதல் 15 வரை எடுத்த சரக்குக்கு 16-ஆம் தேதி கட்டலாம் என்று இருந்தது. 16-லிருந்து மாதக் கடைசி வரை எடுத்ததற்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதி. மார்ச்சில் மட்டும் இரண்டாம் பாதிக்கு 31-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டியிருந்தது, நிதியாண்டுக் கணக்கு அல்லவா. கார் கம்பெனிக்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கும் இது தங்கம். அவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரில் தினமும் பெட்டி வந்துகொண்டே இருக்கும். பனியன் ஏற்றுமதி மட்டும் செய்கிறவர் எந்தத் தீர்வையைப் பிறகு கட்டப்போகிறார்?

நேரடியாகத் துறைமுகத்துக்குப் பெட்டி அனுப்பும் வசதியும் சலுகைப் பட்டியலில் இருக்கும். ஃபேக்டரியிலேயே ஏற்றி சீல் வைக்கிறவர்களுக்கு நல்லது. ஆனால் அது ஏஇஓ இல்லாதவர்களுக்கும் கிடைக்கிறது.

ஆக, வெறும் ஏற்றுமதி செய்யும் யூனிட் டி-2 எடுத்தால் உடனடியாகக் கையில் காசு வராது. என் கருத்து அதுதான். இருந்தும் எங்கள் கம்பெனியில் எடுத்தோம். ஏன் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன். இன்று கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கக் கடைசி நாள், சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர் விடாமல் போன் போடுகிறார்.

9 ஜூன் 2024, ஞாயிறு

எங்களுக்கு டி-2 யோசனையைக் கொடுத்தது பையர். அமெரிக்கக்காரர். வருடா வருடம் அவர்கள் அனுப்பும் ஆடிட்டர் வந்து கேமரா எங்கே, விசிட்டர் பேட்ஜ் எங்கே என்று கேட்டுவிட்டுப் போவார். அதற்கு எல்லாம் தயாராகத்தான் இருந்தோம். அதனால் டி-2-வுக்கும் சுலபமாகப் போய்விடலாம் என்று எம்டி நினைத்தார்.

சுங்க அதிகாரிகள் பார்த்த விதம் வேறு. பையரின் ஆடிட்டர் கையில் செக்லிஸ்ட் இருக்கும், டிக் அடித்துக்கொண்டே நடப்பார். இவர்கள் சரக்கு போகும் வழியிலேயே நடந்தார்கள். கார்ட்டன் ஒட்டும் மேசையிலிருந்து கிளம்பி, பெட்டி எங்கே அடுக்கப்படுகிறது, யார் எண்ணுகிறார், எண்ணியதை எதில் எழுதுகிறார், லாரி வர லேட்டானால் சாயங்காலத்துக்குப் பிறகு கார்ட்டன் எங்கே கிடக்கும் என்று. அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்களிடம் எழுத்தில் பதில் இல்லை. ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது வழக்கம். ஷெட்டுக்கு வேலி கிடையாது, பக்கத்தில் கேன்டீன்.

பிறகு கன்டெய்னர் கதவைப் பூட்டும் போல்ட் சீல் எங்கே என்று கேட்டார்கள். டிஸ்பாட்ச் மேசையின் இழுப்பறை. பூட்டு உண்டு, சாவி இழுப்பறையிலேயே தொங்கும். உள்ளே சீல்கள், டீ டோக்கன், பழைய கூரியர் ரசீது எல்லாம் ஒன்றாக.

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஏனென்றால் அதே ஃபேக்டரியில் உடைந்த ஊசிக்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு. தையல் ஊசி முறிந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, செலோ டேப்பில் ஒட்டி, லைன் நம்பர், டெய்லர் பெயர், நேரம் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த பண்டில் முழுக்க மெட்டல் டிடெக்டருக்குப் போகும். திருப்பூரில் எந்த யூனிட்டிலும் போய்க் கேளுங்கள், ஊசிக் கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் லட்சக்கணக்கில் சரக்கு ஏற்றிய பெட்டியைப் பூட்டும் சீல், டீ டோக்கனோடு கிடக்கும். குழந்தை உடையில் ஊசி இருந்தால் பையர் கிளெய்ம் போடுவார், அதனால் பயம். சீலுக்கு அப்படிப் பயமுறுத்த ஆள் இல்லை.

அன்றைக்கு ஒரு காலிக் கன்டெய்னர் வந்து நின்றது. "ஏற்றுவதற்கு முன் எப்படிப் பரிசோதிப்பீர்கள், செய்து காட்டுங்கள்" என்றார்கள். ஏழு இடம் பார்ப்பது என்பார்கள்: அடிப்பாகம், கதவு உள்ளும் புறமும், வலது சுவர், இடது சுவர், முன்சுவர், கூரை, தரை. எங்கள் டிஸ்பாட்ச் பையன் டார்ச் அடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான், மழைக்காலத்தில் சரக்கு நனையக் கூடாது என்பது அவன் கவலை. அதிகாரி டேப் கேட்டார். 40 அடிப் பெட்டியின் உள்நீளம் ஏறக்குறைய 12.03 மீட்டர். டேப் அதைவிடக் குறைவாகக் காட்டினால் முன்னால் இருப்பது பொய்ச்சுவர், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். அப்புறம் முன்சுவரையும் பக்கச் சுவரையும் சுத்தியலால் தட்டி, சத்தம் ஒரே மாதிரி வருகிறதா என்று கேட்கச் சொன்னார். இப்போது எங்கள் கேட்டில் டேப்பும் சுத்தியலும் ஆணியில் தொங்குகின்றன. டேப் மூன்றாவது, முந்தின இரண்டும் மெயின்டனன்ஸ்காரர்கள் எடுத்துப்போனார்கள்.

10 ஜூன் 2024

"கேமரா எத்தனை வேண்டும்?" என்று கேட்டவருக்கு: எண்ணிக்கை யாரும் கேட்கவில்லை. கன்டெய்னர் கதவு மூடுவதும் சீல் நம்பரும் தெரிகிற மாதிரி ஒன்று வையுங்கள். பெரும்பாலான யூனிட்டில் கேமரா எல்லாம் டெய்லர்களைப் பார்த்துத்தான் இருக்கும்.

12 ஜூன் 2024

"பனியன் பெட்டியில் யார் குண்டு வைக்கப்போகிறார்கள், இதெல்லாம் அமெரிக்காக்காரன் பயம், நமக்கு எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குண்டை விடுங்கள். செம்மரத்தைப் பற்றி யோசியுங்கள்.

செம்மரம் கடப்பா, சித்தூர் பக்கத்து மலைகளில் வளர்வது. ஏற்றுமதிக்குத் தடை. ஆனாலும் கடல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, போகும் வழி சென்னையும் தூத்துக்குடியும். வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் பிடித்த பல வழக்குகளில் முறை ஒன்றுதான். சட்டப்படி ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றின் பெயரில் ஷிப்பிங் பில். ஃபேக்டரியில் சரியான சரக்கு ஏற்றி சீல் வைத்த பெட்டி. லாரி வழியில் ஏதோ ஒரு குடோனுக்குத் திரும்பும். அங்கே சீலைத் தொடாமலேயே கதவைத் திறப்பார்கள். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டையோ கீல் பக்கத்துப் போல்ட்டையோ கழற்றினால் கதவு தனியாக வந்துவிடும். சரக்கை இறக்கி, கட்டையை ஏற்றி, ரிவெட்டைத் திரும்ப அடித்து, மேலே பெயின்ட் பூசிவிடுவார்கள். துறைமுக கேட்டில் சீல் நம்பர் சரியாக இருக்கும். ஃபேக்டரி முதலாளிக்கு விஷயமே தெரியாது. அதிகாரிகள் வந்து நிற்கும்போதுதான் தெரியும். தனக்குத் தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய பாடு அவருடையது.

நான் கேட்கிற கேள்வி இது. உங்கள் பெட்டி இன்று இரவு தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை என்று போய் விடியற்காலையில் தூத்துக்குடியில் நிற்கிறது. அந்த இரவு முழுக்க அதற்கு யார் பொறுப்பு? கேட்டில் வாட்ச்மேன், சுற்றி வேலி, உள்ளே கேமரா எல்லாம் வைத்துவிட்டு, சரக்கை முகம் தெரியாத ஒரு டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறோம். அவரும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் அனுப்பிய ஆள், அந்த ஆபீஸும் வேறொரு லாரியை வாடகைக்குப் பிடித்திருக்கும்.

டி-2-வில் எங்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது இந்தப் பகுதிதான். ஜிபிஎஸ் இல்லாத லாரி இப்போது எடுப்பதில்லை. சாப்பிட, டீ குடிக்க நிற்கிற இடங்களை டிரைவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டோம். நாங்களாக இடம் குறித்துக் கொடுத்திருந்தால் ஒருவரும் மதித்திருக்க மாட்டார்கள். அந்த இடங்கள் தவிர வேறெங்காவது அரை மணிக்கு மேல் வண்டி நின்றால் டிஸ்பாட்ச் போனுக்கு மெசேஜ் வரும். முதல் வாரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் மெசேஜ் வந்து டிஸ்பாட்ச் பையன் நொந்துபோனான். பெரும்பாலும் பஞ்சர், இல்லாவிட்டால் தூக்கம்.

12 ஜூன் 2024, சற்றுப் பிறகு

ஈ-சீல் (ரீடர் வைத்துப் படிக்கும் மின்னணு சீல்) இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, எக்சைஸ் அதிகாரி வந்து சீல் வைக்கும் பழைய முறையை எடுத்துவிட்டு ஆர்எஃப்ஐடி சீல் கொண்டுவரும் உத்தரவும் வந்தது. சீலின் போல்ட்டை வெட்டினால் ரீடர் காட்டிக்கொடுக்கும், உண்மைதான். மேலே சொன்ன வழியில் யாரும் போல்ட்டை வெட்டுவதே இல்லையே. கைப்பிடி ரிவெட், கீல் இரண்டையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். புதுப் பெயின்ட், புது ரிவெட் இருந்தால் அந்தக் காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். சாதாரண போல்ட் சீல் என்றால் ஐஎஸ்ஓ 17712 தரம், ஊசியிலும் குமிழிலும் 'எச்' என்ற எழுத்து இருக்க வேண்டும். மாட்டிய பிறகு பார், நம்பரைச் சரிபார், இழு, முறுக்கு. முறுக்கினால் கையோடு கழன்றுவரும் போலி சீல்களும் சந்தையில் உண்டு.

13 ஜூன் 2024

மேலே நான் எழுதியதெல்லாம் ஃபேக்டரியில் முழுக் கன்டெய்னர் ஏற்றுகிறவர்களுக்கு. இங்கே பாதிப் பேர் அப்படி இல்லை. சரக்கு கார்ட்டனாக மூடிய லாரியில் போய், பையர் சொன்ன ஃபார்வர்டரின் சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கிடங்கு) இறங்கும். அங்கே நாலைந்து கம்பெனிச் சரக்கோடு சேர்ந்து ஒரே பெட்டியில் ஏறும். அந்தப் பெட்டியின் சீல் உங்களுடையது கிடையாது. பூட்டும்போது நீங்கள் பக்கத்தில்கூட இருக்க மாட்டீர்கள். தூத்துக்குடியில் கப்பலேறி, பெரும்பாலும் கொழும்பில் இறங்கி, வேறு பெரிய கப்பலுக்கு மாறும்.

அவர்களுக்கு டி-2 அர்த்தமில்லையா என்றால், பாதி அர்த்தம் இருக்கிறது. லாரியின் கதவுக்கு ஒரு சீல் போட்டு, அதன் நம்பரை இன்வாய்ஸில் எழுதி, சிஎஃப்எஸ் கேட்டில் சீல் சரியாக இருந்தது என்று கையெழுத்து வாங்கிவிட்டால் உங்கள் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு கோடு கிடைக்கும். எங்களுக்கு ஒரு தடவை கார்ட்டன் குறைந்து வந்ததாக ஒரு கிடங்கிலிருந்து ஷார்ட்டேஜ் நோட் வந்தது. லாரிக்கு சீல் இல்லாத காலம் அது. நாங்கள் எண்ணி ஏற்றினோம் என்றோம், அவர்கள் எண்ணி இறக்கினோம் என்றார்கள், டிரைவர் தனக்கு எண்ணவே தெரியாது என்றார். ஏர் ஃபிரைட்டில் மாற்றுச் சரக்கு அனுப்பித் தீர்த்தோம். அந்தச் செலவில் எத்தனை சீல் வாங்கலாம் என்று அக்கவுன்ட்ஸில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

18 ஜூன் 2024

நாடுகளுக்கிடையே பரஸ்பர அங்கீகாரம் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஹாங்காங், தென்கொரியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு நம் சுங்கத்துறைக்கு ஒப்பந்தம் உண்டு. அமெரிக்காவோடு 2021 செப்டம்பரில் கையெழுத்தானது. நம் ஏஇஓ-வை அவர்கள் தங்கள் சிடிபேட்டுக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள், அங்கே நம் சரக்கின் ரிஸ்க் மதிப்பெண் குறையும். கவனிக்க: இது டி-2-வுக்கும் டி-3-க்கும்தான். டி-1-இல் ஃபேக்டரியை யாரும் நேரில் பார்க்கவில்லை, பாதுகாப்பைச் சோதிக்கவில்லை. எனவே எந்த நாடும் அதை ஏற்காது. "டி-1 எடுத்தால் அமெரிக்காவில் கிரீன் சேனல்" என்று யாராவது சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அமெரிக்கச் சுங்கம் நம்மை அடையாளம் காண்பது எம்ஐடி என்ற குறியீட்டால். இதை யாரும் நமக்கு ஒதுக்குவதில்லை, பெயர் முகவரியிலிருந்து அங்கே புரோக்கர் தயாரிப்பார். முதலில் நாட்டுக்கு ஐ-என். அடுத்து கம்பெனிப் பெயரின் முதல் இரண்டு சொற்களிலிருந்து மும்மூன்று எழுத்து. பிறகு முகவரி வரியில் இருக்கும் பெரிய எண்ணிலிருந்து நான்கு இலக்கம் வரை. கடைசியில் ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்து.

நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பாருங்கள். திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டு எழுதுவதா இரண்டா என்ற சண்டை இங்கே தேவையில்லை, டி-ஐ-ஆர் வந்தால் போதும். ஸ்ரீ என்று தொடங்காத கம்பெனி எத்தனை இருக்கிறது? பாதி ஊருக்கு எஸ்-ஆர்-ஐ தான். ஆனால் கதவு எண்ணில்தான் வினை. பழைய எண் 87, புது எண் 214 என்று ஒரே கட்டடத்துக்கு இரண்டு இருக்கும். ஒரு இன்வாய்ஸில் டாகுமென்டேஷன் பெண் பழைய எண்ணைப் போடுவார், அடுத்ததில் மெர்ச்சன்டைசர் புது எண்ணைப் போடுவார். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு ஃபேக்டரி. அதில் ஒன்றுக்கு டி-2 இருக்கும், இன்னொன்று யாரென்றே அதற்குத் தெரியாது. டி-2-வுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு), ஜிஎஸ்டி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றிலும் முகவரியை ஒரே மாதிரி ஆக்குங்கள். செலவில்லாத வேலை.

25 ஜூன் 2024

மூன்று சின்ன விஷயம்.

2020-ல் சிடிபேட் விதிகளைப் புதுப்பித்தபோது பூச்சி, மண், விதை ஒட்டிவருவதையும் சேர்த்தார்கள். களிமண் தரையில் நிறுத்திய பெட்டியின் அடியில் மண் அப்பியிருந்தால் பையரின் ஆடிட்டர் கேட்பார். யார்டில் சிமென்ட் போட்டுவிடுங்கள். கன்டெய்னர் தரைப் பலகையில் ஈரம் இருந்தாலும் பாருங்கள்.

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டும் இப்போது பாதுகாப்பில் சேர்த்தி. ஷிப்பிங் டிபார்ட்மென்டில் நால்வர் ஒரே ஐஸ்கேட் (சுங்கத்துறை இணையதளம்) லாகினைப் பயன்படுத்துவது, அதை மானிட்டரில் மஞ்சள் சீட்டில் ஒட்டி வைப்பது... யாரென்று சொல்லவில்லை, படிப்பவருக்கே தெரியும்.

கன்சல்டன்ட் வைப்பது தப்பா என்று ஒருவர் கேட்டார். தப்பில்லை. எஸ்ஓபி (வேலை செய்யும் முறைக் கையேடு) எழுதத் தெரிந்த ஆள் யூனிட்டில் இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் அடுத்த ஊர் கெமிக்கல் கம்பெனிக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு ஃபைலை ஒரு நண்பர் காட்டினார், பனியன் கம்பெனியின் பாதுகாப்புக் கையேட்டில் ஆசிட் டேங்கருக்கு ஒரு அத்தியாயம்! அதிகாரி அந்தப் பக்கத்தைப் பிரித்து "டேங்கர் எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது? வாட்ச்மேன் முதல் ஏற்றுகிற ஆள் வரை என்ன செய்கிறார்கள் என்று கூட நின்று பார்த்து, அதை அப்படியே தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கேட்டில் தமிழ்ப் பிரதி ஒட்டியிருக்கட்டும். வாட்ச்மேனை அதிகாரி கேள்வி கேட்பது நிச்சயம், அவர் ஒடிசாக்காரர் என்றால் ஒடியாவிலும் ஒன்று வேண்டும்.

2 ஜூலை 2024

லாரி வைத்திருக்கும் ஒருவர், "நானும் எல்ஓ எடுத்தால் எக்ஸ்போர்ட்டர்கள் எனக்கே லோடு தருவார்களா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இதுவரை யாரும் உங்கள் பக்கத்திலிருந்து கேட்கவில்லை.

சொந்த யார்டு, பத்துப் பதினைந்து வண்டி, கணக்கெழுத ஆள் என்று இருந்தால் முயன்று பார்க்கலாம். ஒன்றிரண்டு வண்டிக்காரருக்கு அந்தக் காகித வேலையே பாரமாகிவிடும். நாங்கள் அப்படிப்பட்டவர்களிடம் ஏஇஓ கேட்பதில்லை. எழுத்தில் ஒரு ஒப்பந்தம், வண்டியின் ஆவணங்கள், ஜிபிஎஸ் லாகின், டிரைவரின் லைசென்ஸ் காப்பியும் போட்டோவும், வேறு வண்டிக்கு லோடை மாற்ற மாட்டேன் என்ற கையெழுத்து. இவ்வளவு கொடுத்தவர்களுக்கு லோடு முதலில் போகிறது, வாடகையும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறோம். கூட்டிக் கொடுக்காமல் ஜிபிஎஸ் மாட்டு, அங்கே நிற்காதே, இங்கே நிற்காதே என்றால் யார் கேட்பார்கள்?

எக்ஸ்போர்ட்டர்களுக்கு ஒன்று: டிரைவர் மாறி வந்தால் புது லைசென்ஸ் காப்பி இல்லாமல் கேட் பாஸ் போடாதீர்கள். ஆடி பிறப்பதற்கு முன்னால் வரும் கடைசி முகூர்த்தங்கள் இந்த வாரமும் அடுத்த வாரமும். பாதி டிரைவர்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டு மச்சானை வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.